தானியம் காத்த ஆலை: ஆர்க்னித் தீவின் பர்சே கிராமம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்காட்லாந்தின் வடமுனைக்கு அப்பால், ஏறத்தாழ 70 தீவுகளும் திட்டுகளும் சேர்ந்த ஆர்க்னித் தீவுக்கூட்டத்தில், தண்ணீரால் ஓடிய மாவாலைகள் மூன்றை அருகருகே வைத்துப் பார்க்கலாம். டவுன்பி ஊருக்கு அருகில் 1823 வாக்கில் கட்டப்பட்ட ‘கிளிக் மில்’ இன்று அரசின் பராமரிப்பில் உள்ள நினைவுச்சின்னம். கூரைக்குப் புல் வேய்ந்த அந்தச் சிறு கட்டடத்துக்குள் குனிந்து நுழைந்து, எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். மேஸ்ஹவ் என்னும் கற்காலக் கல்லறைக்கு எதிரே நிற்கும் டார்மிஸ்டன் ஆலை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த மாடிக்கட்டடம். அரைவைக் கற்கள் ஓய்ந்த பிறகு அது பல ஆண்டுகள் அந்தக் கல்லறையைக் காண வருவோருக்கு நுழைவுச்சீட்டு விற்கும் இடமாக இருந்தது. மூன்றாவது, பர்சே கிராமத்தின் பேரனி ஆலை. 1873இல் கட்டப்பட்ட இது மட்டும் இன்றும் மாவு அரைக்கிறது. அந்த மாவு பொட்டலமாகிக் கடைக்குப் போய், யாரோ ஒருவர் வீட்டுத் தோசைக்கல்லில் அடையாக வேகிறது.

மூன்றும் ஒரே தீவில், ஒரே மழையில், ஒரே சந்தை மாற்றங்களைச் சந்தித்தவை. அப்படியிருக்க ஒன்று மட்டும் ஏன் இயங்கிக்கொண்டிருக்கிறது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. கட்டடத்தின் உறுதியையோ பராமரிப்போரின் ஆர்வத்தையோ காரணமாகச் சொல்லிவிடுவது எளிது. அவை இரண்டும் உண்மையே என்றாலும் போதுமானவை அல்ல என்பது என் கருத்து. விடை ஆலைக்கு வெளியே, அதன் கற்களுக்குள் விழுந்த தானியத்தில் இருக்கிறது.

ஊரும் ஓடையும்

பர்சே, ஆர்க்னியின் மிகப் பெரிய தீவான மெயின்லாந்தின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலைப் பார்த்து அமைந்த சிற்றூர். ஒரு காலத்தில் ஆர்க்னியை ஆண்ட நார்ஸ் எர்ல்களின், அதாவது ஸ்காண்டினேவிய வழிவந்த பிரபுக்களின், இருப்பிடம் இந்தப் பகுதிதான். கரையை ஒட்டி ‘பிரஃப்’ என்னும் திட்டு ஒன்று இருக்கிறது. கடல் வற்றும் நேரத்தில் மட்டும் நடந்து போகக்கூடிய அந்தத் திட்டில் அவர்கள் காலத்துக் கட்டடங்களின் அடித்தளங்கள் இன்னும் தெரிகின்றன. 1468இல் டென்மார்க்–நார்வே மன்னர் முதலாம் கிறிஸ்டியன், ஸ்காட்லாந்து மன்னர் மூன்றாம் ஜேம்ஸுக்கு மணம்பேசிய தன் மகளின் சீதனப் பணத்துக்கு ஈடாக ஆர்க்னியை அடகு வைத்தார். பணம் வந்து சேரவில்லை; 1472இல் தீவுகள் ஸ்காட்லாந்தோடு சேர்க்கப்பட்டன. அடுத்த நூற்றாண்டில், மன்னர் ஐந்தாம் ஜேம்ஸின் முறைப்படி பிறக்காத மகனான ராபர்ட் ஸ்டூவர்ட் பர்சேயில் ஓர் அரண்மனை எழுப்பினார். கூரையிழந்த அதன் சுவர்களைச் சுற்றித்தான் இன்றைய ஊரின் சில வீடுகளும் கோயிலும் நிற்கின்றன.

ஊருக்குத் தென்கிழக்கே போர்ட்ஹவுஸ் ஏரி. அதிலிருந்து கிளம்பும் ஓடை சிறிது தூரமே ஓடிப் பர்சே விரிகுடாவில் கலக்கிறது. இந்தக் குறுகிய ஓடைக்கரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டப்பட்ட ஆலைகளுள் கடைசியானதும் பெரியதும் பேரனி ஆலை. ஆலைக்கு ஏரி எவ்வளவு பெரிய வசதி என்பதை, மழை பெய்தால் பெருகி மறுநாள் வடிந்துவிடும் ஓடைகளை நம்பியவர்கள் நன்றாக அறிவார்கள். ஏரி இருந்தால் தண்ணீர் தேங்கி நிற்கும். மதகைத் திறக்கும்போது மட்டும் வரும். அதுவும் அறுவடை முடிந்து, ஏரி நிரம்பி, வயலில் வேலை குறைந்திருக்கும் குளிர்காலமே இங்கே அரைவைக்காலம். பயிரின் நாட்காட்டியும் தண்ணீரின் நாட்காட்டியும் இப்படிப் பொருந்திவருவது எல்லா இடத்துக்கும் வாய்ப்பதில்லை.

இரண்டு சக்கரங்கள்

கிளிக் மில்லின் சக்கரம் தரைக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும். தண்ணீர் அதன் துடுப்புகளில் மோத, சக்கரத்தின் நடுத்தண்டு நேராக மேலே ஏறி, அடிக்கல்லின் துளை வழியாகப் போய் மேல்கல்லைத் திருப்பும். பல்சக்கரம் எதுவும் கிடையாது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் கல்லும் ஒரு சுற்றுத்தான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முளை தட்டித் தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும் ‘கிளிக்’ ஓசைதான் ஆலைக்குப் பெயரானது. ஒரு பண்ணைக் குடும்பம் தன் தேவைக்கு, தானே பழுது பார்த்துக்கொண்டு ஓட்டக்கூடிய கருவி அது. கையால் சுற்றும் திரிகைக்குத் தண்ணீரின் உதவி கிடைத்தது போன்ற ஏற்பாடு.

பேரனி ஆலை வேறு தலைமுறையைச் சேர்ந்தது. செங்குத்தாக நிற்கும் அதன் சக்கரத்தில் தண்ணீர் மேலிருந்து விழுகிறது. மேலிருந்து விழும் தண்ணீரின் எடையால் சுழலும் சக்கரம், கீழே ஓடும் நீரோட்டத்தால் தள்ளப்படும் சக்கரத்தைவிட எவ்வளவு திறன் மிக்கது என்பதைப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் 1759இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அளந்து காட்டியிருந்தார். முதல் வகை நீரின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பயன்படுத்தியது, இரண்டாவது வகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே பயன்படுத்தியது. மெதுவாகச் சுழலும் பெரிய சக்கரத்தின் சுற்றைப் பல்சக்கரங்கள் பலமடங்கு விரைவாக்கிக் கற்களுக்குத் தருகின்றன. அதே சக்கரம் மூட்டைகளை மேல்தளத்துக்கு ஏற்றுகிறது, சல்லடையை ஆட்டுகிறது, உமியை ஊதிப் பிரிக்கும் விசிறியையும் சுற்றுகிறது. மூட்டை மேலே ஏறிய பிறகு தானியம் தன் எடையாலேயே தளம் தளமாக இறங்கி, கீழ்த்தளத்தில் மாவாக வெளிவருகிறது. ஓர் ஊருக்கு மட்டுமின்றிச் சுற்றுவட்டாரம் முழுமைக்கும் அரைப்பதற்கான அளவு இது.

ஆனால் இந்த ஆலையில் கற்களுக்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. ஆர்க்னியில் செப்டம்பரில் அறுக்கும் தானியம் ஈரமாகத்தான் வரும். களத்தில் காயவைக்க அங்கே வெயில் போதாது. எனவே ஆலையோடு ஒட்டிய சூளையில், துளைகள் இட்ட உலோகத் தளத்தின் மேல் தானியத்தைப் பரப்பி, அடியில் தீ மூட்டி, மரத்தட்டையால் புரட்டிப் புரட்டி உலர்த்துகிறார்கள். மரம் அரிதான அந்தத் தீவில் எரிபொருள் எது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி: முந்தைய அரைவையில் பிரிந்த உமி. தானியம் தன் தோலாலேயே தன்னை உலர்த்திக்கொள்கிறது. நன்றாக உலர்ந்தால்தான் முதல் கல் உமியை உடைக்கும். பிறகு விசிறி உமியைப் பிரிக்கும். அடுத்த கற்கள் பருப்பை நொய்யாக்கி, மாவாக்கும். சூளைச்சூட்டில் ஏறும் வறுத்த மணம் மாவில் கடைசிவரை தங்கிவிடுகிறது. பழுப்பும் சாம்பலும் கலந்த நிறமுள்ள அந்த மாவை, சூளை இல்லாத ஓர் ஆலையில் அரைத்தால் அதே சுவையில் பெற முடியாது என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது முக்கியமாகிறது.

பேர் என்னும் நாட்டு ரகம்

இந்த ஆலை அரைக்கும் தானியத்தின் பெயரை அந்த ஊரார் ‘பேர்’ என்று உச்சரிக்கிறார்கள். தமிழில் எழுதும்போது சற்றுக் குழப்பம் தரும் பெயர்தான். ஆகவே ‘பேர் பார்லி’ என்றே குறிப்பிடுகிறேன். கதிரில் ஆறு வரிசையாக மணி பிடிக்கும் பார்லியின் நாட்டு ரகம் அது. விதைக் கம்பெனிகள் உருவாக்கிய வித்து அல்ல. தலைமுறை தலைமுறையாக உழவர்கள் அறுத்து, எடுத்து வைத்து, மறுபடி விதைத்ததால் அந்த மண்ணுக்கும் காற்றுக்கும் பழகிப்போனது. பர்சேக்குத் தெற்கே சில மைல் தொலைவில் உள்ள ஸ்காரா பிரே என்னும் கற்கால ஊர், இந்தத் தீவில் 5,000 ஆண்டுகளுக்கு முன்பே உழவர்கள் வாழ்ந்ததைக் காட்டுகிறது. பார்லி அவர்கள் காலத்துப் பயிர். பேர் ரகம் நார்ஸ் மக்களோடு வந்ததா, அவர்களுக்கு முன்பே இருந்ததா என்பதில் அறிஞர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

அதன் சிறப்பு வேகம். வடக்கு அட்சரேகை 59 பாகையில் இருக்கும் ஆர்க்னியில் மண் சூடேறத் தாமதமாகும். மேயில் விதைத்துச் செப்டம்பர்ப் புயலுக்கு முன் அறுத்துவிட வேண்டும். இடையில் கோடையின் உச்சத்தில் பகல் 18 மணி நேரத்துக்கு மேல் நீளும். அந்த நீண்ட வெளிச்சத்தை விழுங்கிக்கொண்டு பேர் பார்லி விரைந்து வளர்வதால் அதைத் ‘தொண்ணூறு நாள் பார்லி’ என்றும் சொல்வார்கள். ஓட்ஸை முதலில் விதைத்துவிட்டுப் பேர் பார்லியைக் கடைசியாக விதைக்கலாம். கிளிஞ்சல் மணல் கலந்த கடற்கரை நிலத்தில் மாங்கனீசுச் சத்து பயிருக்கு எட்டாமல் போய்விடும். புதிய ரகங்கள் அங்கே வெளிறி வாடும்போது பேர் தாக்குப்பிடிக்கும். இந்தப் பண்புக்குக் காரணமான மரபணுக்களை டண்டீ அருகிலுள்ள ஜேம்ஸ் ஹட்டன் நிறுவனம் ஆராய்ந்துவருகிறது.

குறைகளும் சிறியவை அல்ல. தாள் நெட்டையாக வளர்வதால் காற்றில் சாய்ந்துவிடும்; உரத்தைக் கூட்டினால் இன்னும் சாயும். இன்றைய ரகங்களோடு ஒப்பிட்டால் மகசூல் ஏறத்தாழ பாதிதான். ரொட்டி உப்புவதற்கான பசைத்தன்மை பார்லி மாவில் போதாது என்பதால் பாண் சுட முடியாது. கோதுமை மாவு கொஞ்சம் சேர்த்து, ஆப்பசோடா இட்டு, மோரில் பிசைந்து, கல்லில் இருபுறமும் வாட்டி எடுக்கும் தடித்த அடைதான் அதற்குப் பொருந்தும். ‘பானக்’ என்று அதற்குப் பெயர். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் வைத்து உண்பார்கள்.

குத்தகையும் எடைக்கல்லும்

இந்தத் தானியம் உணவாக மட்டும் இருந்திருந்தால் அதன் கதை இவ்வளவு சிக்கலாகியிருக்காது. அது வரியாகவும் இருந்தது. நார்ஸ் காலத்திலிருந்தே ஆர்க்னியின் நிலவரியும் குத்தகையும் பெருமளவுக்குப் பணமாகச் செலுத்தப்படாமல், பேர் பார்லியில் முளைகட்டிய மால்ட்டாகவும் வெண்ணெயாகவும் அளக்கப்பட்டன. அளக்கும் கருவி யார் கையில் இருந்ததோ அவர் கையில்தான் உழவரின் கஞ்சியும் இருந்தது. ‘பண்ட்லர்’ என்பது தானியம் நிறுக்கும் பெரிய துலாக்கோல். அதன் எடைகள் தலைமுறைக்குத் தலைமுறை ரகசியமாகப் பெருத்துவந்தன என்ற புகார் ராபர்ட் ஸ்டூவர்ட் காலத்திலேயே கிளம்பியது. 18ஆம் நூற்றாண்டில், அப்போது எர்ல் உரிமையை வைத்திருந்த மார்ட்டன் பிரபுவின் மீது தீவின் நிலவுடைமையாளர்கள் இதே குற்றச்சாட்டை வைத்து எடின்பரோ நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1733இல் தொடங்கிய அந்தப் ‘பண்ட்லர் வழக்கு’ 1759 வரை இழுத்து, பிரபுவுக்குச் சாதகமாக முடிந்தது. வென்றவர் சில ஆண்டுகளிலேயே சலித்துப்போய், 1766இல் முழு உரிமையையும் சர் லாரன்ஸ் டண்டாஸுக்கு விற்றுவிட்டார்.

ஆலையும் இந்த அதிகார ஏற்பாட்டின் ஓர் உறுப்பாகவே ஸ்காட்லாந்து முழுவதும் இருந்தது. குடியானவர் தன் நிலத்துக்கு உரிய ஆலையில்தான் அரைக்க வேண்டும்; பக்கத்து ஆலை மலிவாக இருந்தாலும் அங்கே போகக்கூடாது; அரைவைக்கூலியாகத் தானியத்தில் ஒரு பங்கு கழித்துக்கொள்ளப்படும்; வாய்க்கால் தூர்வாரவும் புதிய எந்திரக்கல்லை உருட்டிவரவும் ஆள் அனுப்ப வேண்டும். ‘தர்லேஜ்’ எனப்பட்ட இந்தக் கட்டாயத்தை ஈட்டுத்தொகை கொடுத்துத் தீர்த்துக்கொள்ள 1799ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. அதற்குப் பிறகு ஓர் ஆலை நிலைக்க வேண்டுமானால் அரைக்க வருபவர்கள் விரும்பி வர வேண்டியிருந்தது.

தவறான நேரத்தில் எழுந்த கட்டடம்

1873இல் இவ்வளவு பெரிய ஆலை கட்டியது அன்றைய கணக்கின்படி சரியாகவே பட்டிருக்கும். கடற்பாசியை எரித்துச் சாம்பல் விற்ற தொழில் 1830 வாக்கில் சரிந்த பிறகு ஆர்க்னி உழவின் பக்கம் திரும்பியிருந்தது. துண்டு துண்டாகக் கலந்து கிடந்த நிலங்கள் ஒழுங்குபடுத்தப்பட்டன, வடிகால் வெட்டப்பட்டது, விளைச்சல் கூடியது. கூடிய தானியத்துக்குப் பெரிய ஆலை வேண்டும்.

ஆனால் அதே பத்தாண்டில்தான் அமெரிக்கச் சமவெளிக் கோதுமை ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் பிரிட்டனுக்குள் மலையாக இறங்கத் தொடங்கியது. எஃகு உருளைகளால் அரைத்து வெள்ளை மாவு தரும் ஆலைகள் அடுத்த பத்தாண்டில் துறைமுக நகரங்களில் முளைத்தன. வெள்ளை ரொட்டி மலிவானது; சாம்பல் நிற அடை வறியவர் உணவாகப் பார்க்கப்பட்டது. ஆர்க்னி உழவர்களுக்குத் தானியத்தைவிட மாடு வளர்த்து விற்பதே லாபம் என்றானது. வயல்கள் மேய்ச்சல் புல்லாக மாறின. பேரனி ஆலை தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இறங்குமுகத்திலேயே கழித்தது என்று சொன்னால் அது மிகையாகாது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் சுற்றியிருந்த ஆலைகள் ஒன்றொன்றாக நின்றன.

இந்த ஒன்று நிற்காமல் போனதற்கு மூன்று காரணங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. மூன்றுக்கும் எடை ஒன்றல்ல. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் இங்கே அரைவைக்காரர்களாக இருந்ததால் கல் கொத்துவதும், சூளையின் பதம் பார்ப்பதும், மாவை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்துக் கற்களின் இடைவெளியைத் திருத்துவதும் கைமாறிக்கொண்டே வந்தன. பிற்காலத்தில் பர்சே ஊர்ப் பாரம்பரிய அறக்கட்டளை ஆலையைப் பொறுப்பேற்றது. இவை இரண்டையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் கைத்திறனும் அறக்கட்டளையும் இருந்து, அரைக்க ஒன்றும் இல்லாதிருந்தால், இந்த ஆலையும் சுற்றுலாப் பயணிகளுக்காக மாலையில் ஒருமுறை வெறுஞ்சக்கரத்தைச் சுற்றிக் காட்டும் இடமாகியிருக்கும்.

மூன்றாவது காரணமே தீர்மானமானது. கோதுமையை யாரும் எங்கும் அரைக்கலாம். உருளை ஆலை அதை இன்னும் நன்றாகவே அரைக்கும். பேர் பார்லியை அப்படி அரைக்க வேறு இடம் இல்லை. சிறு அளவில் வரும், ஈரமாக வரும், சூளையில் வாட்ட வேண்டும், ஒட்டிய உமியைக் கல்லால் உடைக்க வேண்டும்: பெரிய ஆலைக்கு இது தொல்லை, பேரனி ஆலைக்கு இதுவே தொழில். மறுபக்கம், பானக் இல்லாமல் சாப்பாடு நிறையாது என்று கருதும் வீடுகளும், அதைச் சுட்டு விற்கும் அடுமனைகளும் ஆர்க்னியில் எஞ்சியிருந்தன. வேறு மாவால் அதைச் செய்ய முடியாது. ஆக, தானியத்துக்கு ஆலை தேவைப்பட்டது, ஆலைக்குத் தானியம் தேவைப்பட்டது, இரண்டுக்கும் அந்த நாக்கு தேவைப்பட்டது. போட்டி ஆலைகள் மூடப்பட்டபோது பேரனி ஆலைக்கு எஞ்சிய வேலை குறையவில்லை, குவிந்தது.

டார்மிஸ்டனோடு ஒப்பிடும்போது இது தெளிவாகிறது. வட்டாரத்தில் மிஞ்சிய பேர் பார்லியை அரைக்க ஓர் ஆலை போதும், இரண்டுக்கு வேலை இல்லை. கிளிக் மில்லோ ஒரு பண்ணையின் தேவைக்கென அமைந்தது. கடைக்கு மாவு அனுப்பும் கொள்ளளவு அதற்கு என்றுமே இருந்ததில்லை.

இப்போது எங்கே நொய்மை

புத்தாயிரத்தின் தொடக்கத்தில் பேர் பார்லியின் பரப்பு மிகச் சுருங்கியிருந்தது. ஆர்க்னிக் கல்லூரியின் வேளாண் ஆய்வகம் அந்தக் கட்டத்தில் அதைக் கையிலெடுத்து, எப்போது விதைத்தால் மகசூல் கூடும், எவ்வளவு உரம் தாங்கும், சாய்வை எப்படித் தடுப்பது என்று வயலில் சோதித்தது. சற்று முன்னதாக விதைத்தாலே விளைச்சல் கணிசமாகக் கூடும் என்று தெரியவந்தது. அதோடு, மாவுக்கு வெளியே ஒரு சந்தையும் திறந்தது: ஐலா தீவின் புரூக்லாடி வடிசாலையும் ஆரன் தீவின் வடிசாலையும் ஆர்க்னியில் விளைந்த பேர் பார்லியில் விஸ்கி வடித்தன. மால்ட்டாக வரி கட்டப்பட்ட தானியம், பல நூற்றாண்டுகள் கழித்து, விலை கூடிய புட்டிக்குள் போவது வரலாற்றின் ஒரு குறும்பு. அழியும் நிலையிலுள்ள உணவுகளுக்காக ‘ஸ்லோ ஃபுட்’ இயக்கம் வைத்திருக்கும் பட்டியலிலும் பேர் மாவு இடம்பெற்றிருக்கிறது.

விஸ்கிச் சந்தை ஆலைக்கு நேரடியாக ஒன்றும் தருவதில்லை. வடிசாலைக்குப் போகும் தானியம் எந்திரக்கல்லைத் தொடாது. ஆனால் அது உழவரை அந்தப் பயிரில் தக்கவைக்கிறது, வித்தை உயிரோடு வைக்கிறது. என் கணிப்பில் ஆலையின் மிக நொய்ந்த கண்ணி சக்கரமோ கற்களோ கட்டடமோ அல்ல. சக்கரத்தின் பலகை உளுத்தால் தச்சர் மாற்றிவிடுவார். கல் தேய்ந்தால் கொத்திக்கொள்ளலாம். அடுத்த இடத்தில் நிற்பது அரைவைக்காரர்: சூளைத்தளத்தின் சூட்டைக் கையால் அறியும் ஒருவர் இல்லாமல் போனால், அதைக் கற்பிக்க வேறு ஆலை இந்தத் தீவில் கிடையாது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது விதை. பாதி மகசூல் தரும் பயிரை ஓர் உழவர் தன் நல்ல நிலத்தில் விதைக்க வேண்டுமானால், அதற்கேற்ற விலை வர வேண்டும். அந்த விலையைக் கொடுத்து மாவு வாங்க ஆள் இருக்க வேண்டும்.

அதனால்தான் அறக்கட்டளை ஆலையைத் துடைத்துவைப்பதோடு நின்றுவிடாமல், பர்சே வட்டாரத்து வயல்களிலேயே பேர் பார்லி பயிரிடப்படுவதைத் தன் வேலையின் பகுதியாக வைத்திருக்கிறது. கோடையில் ஆலையைப் பார்க்கப் பயணிகள் வருகிறார்கள். அவர்களுக்குக் கதவு திறந்திருக்கும். அந்த மாதங்களில் பயிர் வயலில் நிற்கும். அறுத்து, உலர்த்தி, வரும் மே மாதத்துக்கான வித்தை ஒதுக்கி வைத்த பிறகு, மிச்சமுள்ளது மூட்டைகளாகச் சூளைக்கு ஏறும். அப்போது பயணிகள் எவரும் இருக்கமாட்டார்கள். போர்ட்ஹவுஸ் ஏரி நிரம்பியிருக்கும்.